பரணில் கிடக்கும் கட்டுகள்

நாடக நோட்டீஸை யார் பத்திரப்படுத்துவார்கள்? கோட்டையூர் ரோஜா முத்தையா பத்திரப்படுத்தினார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். பழைய நூல்களோடும் பத்திரிகைகளோடும் நிற்காமல், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று மறுநாளே குப்பைக்குப் போகிறவற்றையும் தேடித்தேடிச் சேர்த்தார். செட்டிநாட்டு வீடு நிறைய ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள்! 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் விலைக்கு வாங்கியது. நல்லவேளை, கப்பல் ஏறவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. தமிழில் ஆராய்ச்சி செய்கிற யாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்தான். ஆனாலும் கோட்டையூரை நினைத்தால் மனசு கேட்பதில்லை. சேர்த்த மனிதரும் போய், சேர்ந்த பொருளும் போய்விட்ட ஊர் அது. புதுக்கோட்டை கொடுத்துவைத்தது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியின் ஞானாலயா அங்கேயே வேர்விட்டது. முதற்பதிப்பு தேடுகிறவர்கள் அந்த ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழிக்குப் போகும்போதெல்லாம் இந்த இரண்டு ஊர்களும் நினைவுக்கு வரும். சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலம். யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் பாடம் கேட்டதாகச் சொல்லப்படும் இடம். விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டு எல்லோரும் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ இந்த வட்டாரத்துத் தறிவீடுகளின் பரண்மேல்தான் கண்.

பட்டுச்சேலைக்குப் பீரோ உண்டு, அருங்காட்சியகமும் உண்டு. அதை நெய்யவைத்த ஜக்கார்டு அட்டைக்கு எதுவும் இல்லை. எந்த இழை எழும்ப வேண்டும், எது படிந்திருக்க வேண்டும் என்பதை அட்டையின் ஓட்டைகள்தாம் தறிக்குச் சொல்கின்றன. ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஒரு கரைக்கே நீளமான கட்டு. ஜக்கார்டு வருமுன் அடை என்னும் நூலமைப்பைத் தறியில் கட்டி, நூல் நூலாகக் கையால் இழுத்துத்தான் பூ எழுப்பினார்கள். இப்போது கம்ப்யூட்டர் ஜக்கார்டுக்கு அட்டையே வேண்டாம். மோஸ்தர் மாறினால் கட்டு பரணுக்குப் போகும்; பரண் நிறைந்தால் அடுப்புக்கு.

எரிகிறது வெறும் காகிதமா? ஒரு கரையை மறுபடி நெய்யும் வழியே எரிகிறது. யாராவது ஒருவர் ரோஜா முத்தையாவின் பிடிவாதத்தோடு தெருத்தெருவாகப் போய் இந்தக் கட்டுகளையும் பழைய அடைகளையும், உடைந்த நாடாக்களையும் கேட்டு வாங்கினால் போதும். பெரிய கட்டடம் வேண்டாம், கரையான் ஏறாத ஒரு கூடம் போதும். ஆனால் காஞ்சிபுரம் நகரத்துக்கோ சென்னைக்கோ கொண்டுபோகாமல் இங்கேயே வைக்க வேண்டும். கட்டைப் பிரித்து, இது மயில்கண், இது ருத்ராட்சம், இது தாழம்பூ ரேக்கு என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். பேரை எழுதி ஒட்ட அவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.