உகரச் சுட்டு

அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகளைத் தொல்காப்பியம் கூறும். இது அண்மை, அது சேய்மை, உது இரண்டிற்கும் இடைப்பட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் உது இன்றும் புழங்குகிறது. எங்கள் கடம்பத்தூரிலோ அது பாடநூலோடு சரி. வகுப்பில் எடுத்துக்காட்டுக்கு எப்போதும் திண்டாட்டம்தான்.

கிடைத்தது ஸ்கிராட்சில். கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் இம்மென்பொருளை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007இல் வெளியிட்டனர். மகளுக்காக அதில் பூனை, எலி விளையாட்டொன்று அமைத்தோம். 'தொடுகிறதா' என்னும் கட்டையை வைத்தால், பூனையிடம் சிக்கிய பிறகே எலி விழித்துக்கொள்கிறது. ஆகவே தொலைவைக் கேட்கும் கட்டையை எடுத்தோம். மேடை 480க்கு 360. தொலைவு 80க்குக் குறைந்தால் எலி ஓடவேண்டும்.

ஓடியது. ஆனால் மகள் பூனையை இருமடங்காக்கியதும் மீண்டும் சிக்கியது. கணினி அளப்பது உருவங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே. மீசை உரசினாலும் அதற்குத் தொலைவுதான்.

"எண்பதுன்னா கிட்டவாப்பா, தூரமா?"

"உது" என்றோம். சிரித்தாள். ஆயினும் அவ்வெண்ணுக்குரிய மாறிக்கு 'உது' என்றே பெயரிட்டாள். பூனை பெருக்குந்தோறும் உதுவையும் கூட்டிவருகிறோம், இப்போது 130.