சிங்கம் சொல்லும் சாட்சி

திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களில் சிலர் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டையையும் எட்டிப் பார்ப்பதுண்டு. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு அவர் படைக்கே பயிற்சி கொடுத்தார். 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். பீரங்கி வார்த்த உலையும் அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தது. இவ்வளவு வரலாறு பக்கத்தில் இருக்கையில், பரணில் கிடக்கும் எந்தப் பழைய கைத்துப்பாக்கியையும் ‘குளச்சல் சண்டையில் பிடித்தது’ என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும். ஆனால் துப்பாக்கியின் வயதைக் கதையிடம் விசாரிப்பது வீண். இரும்பிடம்தான் விசாரிக்க வேண்டும்.

1741இன் துப்பாக்கி என்றால் அதன் குதிரை சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும். ‘கேப்’ எனும் வெடிமூடியை அடித்து வெடிக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் சரக்கு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் முதலில் பொறித்தது இதய வடிவ வணிக முத்திரை. நிமிர்ந்து நிற்கும் சிங்கம் 1808ஐ ஒட்டித்தான் வந்தது. சிங்கம் தெரிந்தால் குளச்சல் கதை அங்கேயே முடிந்தது. ‘பழைய துப்பாக்கியைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றியிருக்கலாமே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பலர் அப்படி மாற்றினார்கள். ஆனால் மாற்றியதற்குத் தடயம் இருக்கும்: மருந்துக் கிண்ணியை எடுத்த இடத்தில் அடைத்த திருகுத் துளைகள். அந்த மாற்றம் பயன்படுத்தியவரின் தேவை. அதுவும் அந்தத் துப்பாக்கியின் வரலாறுதான். விலை ஏறும் என்று இன்றைக்குத் திரும்பவும் கல்துப்பாக்கியாக்குவதுதான் மோசடி. துருவால் குழிவிழுந்த தகட்டில் குழியே இல்லாத கிண்ணி உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

‘துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பராமரிப்புதானே?’ என்பார்கள். துரு பரவாமல் எண்ணெய் பூசுவது பராமரிப்பு. தேய்ப்பதில் துருவோடு முத்திரையும் போகும், செதுக்கலின் கூர்மையும் போகும், சீராகப் படிந்த பழுப்பும் போகும். போனது எந்தப் பட்டறையிலும் திரும்பக் கிடைக்காது. மங்கிக் கிடந்தாலும் கைபடாத துப்பாக்கியே மேல்.

பழசு என்பதற்காக மட்டும் சட்டமும் விட்டுவிடாது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில் விலக்கு தருகிறது. ஆகவே மெருகு போடுபவரைத் தேடுமுன், உரிமம் வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.