ஆடுற படகும் ஆடாத படகும்

ஆடாத படகுதான் பத்திரமான படகு. இப்படித்தானே நாம எல்லாரும் நினைப்போம்? கடல் கயாக் விஷயத்துல கதையே வேற மக்களே.

கிளாஸ்கோவுக்கு ஆன்சைட் வந்து, ஆணி புடுங்கின நேரம் போக கயாக் பழகினேன். ஏரியில குடுத்தது அகலமான, அடி தட்டையான படகு. சோபா மாதிரி இருக்கும். கிளைட் கடல் பக்கம் போன அன்னிக்கு பயிற்சியாளர் அம்மணி காட்டினது ஒல்லியான, அடிப்பாகம் 'வி' வடிவத்துல இருந்த படகு. உட்கார்ந்ததுமே வெடவெடன்னு ஆடுது. எனக்கோ நீச்சல் சுமார். தண்ணியோ ஐஸ்.

அவங்க விளக்கினாங்க. தட்டை அடி தண்ணியோட ஒட்டிக்கிட்டே இருக்கும். தண்ணி சமமா இருந்தா படகும் சமம். பக்கவாட்டுல அலை வந்து தண்ணியே சாய்ஞ்சா படகும் கூடவே சாயும். ஒல்லிப் படகுல இடுப்பைத் தளர்த்தி உட்கார்ந்தா, அலை அடியில நழுவிப் போயிடும், நாம நேரா இருக்கலாம். ரொம்ப சாய்ஞ்சா, மேல போகப்போக விரியுற பக்கங்கள் தண்ணியில அழுந்தி தாங்கிப் பிடிக்கும்.

அடுத்த வில்லன் காத்து. ஓடுற படகோட மூக்கை தண்ணி இறுக்கிப் பிடிச்சிருக்கும், வால் பக்கம் பிடிப்பு கம்மி. பக்கக் காத்து வாலைத் தள்ள, மூக்கு காத்தைப் பார்த்து திரும்பிடும். அதுக்குத்தான் பின்னாடி அடியில இறக்கிவிடுற ஸ்கெக்னு ஒரு தகடு. தேவைக்கேத்த மாதிரி இறக்கினா படகு நேரா போகும்.

இதெல்லாம் ஏதோ மென்பொருள் கண்டுபிடிச்சது இல்லை. 1959-ல கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் கென் டெய்லர் கிரீன்லாந்தோட இல்லோர்சூட் கிராமத்துலேர்ந்து ஒரு சீல் தோல் கயாக்கைக் கொண்டு வந்தார். டங்கன் வின்னிங் அதை அளந்து வரைபடமாக்கினார். அந்த வம்சத்துல வந்ததுதான் அனாஸ் அக்யூட்டாங்கற பேர் பெற்ற ஃபைபர் படகு. சீல் வேட்டைக்காரங்களுக்கு படகு கவிழ்ந்தா உயிர் போச்சு. அவங்க கட்டினதே ஆடுற படகுதான்!

முதல் அலை பக்கவாட்டுல வந்தப்ப உடம்பு கட்டை மாதிரி விறைச்சுது. "மூச்சை விடு"ன்னு அம்மணி கத்தினாங்க. விட்டேன். இடுப்பு தானா தளர்ந்துச்சு. அலை அடியில போச்சு. அடுத்ததும் போச்சு. கரை சேர்ற வரைக்கும் படகு ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு, நான் விழல.

டிஸ்கி: 'ஏரியில பெடல் போட்'னுதான் அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். யாரும் போட்டுக் குடுத்துடாதீங்கப்பா!