சம்பள நாளுக்கு மறுநாளும்

பூண்டுலோயா டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி டன்சினன் ரோட்டில் ஏறத் தொடங்கினால், கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் ஊர் தெரியும். முதலில் பேக்கரிப் பாண் வாசம். அதைத் தாண்டினால் ஈர மண்ணும் யூகலிப்டஸ் இலையும். அப்புறம் மேலே எங்கோ ஸ்டோரில் தூள் காயும் அந்தக் கனத்த வாசம். நீங்களும் அந்த ரோட்டில் என்னோடு நடந்தவர்தானே. குறுக்குப் பாதையில் ஏறும்போது அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வோம். ஆற்று இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. கத்திப் பேசிப் பேசியே வீடு வந்து சேர்ந்துவிடும்.

லயத்தில் தொங்கல் காம்பரா எங்களுடையது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்தான் அடுப்பு, படுக்கை, விறகு, கோழிக்கூடை எல்லாம். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்கும் முன்பே அப்பாயி எழும்பிவிடும். ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, சாயத்தண்ணிக்குக் கேத்தலை ஏற்றிவிட்டு, அடுப்படியிலேயே முழங்கால் போடும். வாய்விட்டுத்தான் ஜெபம். லயத்தில் உள்ள எல்லார் பேரும் அதில் வரும். பக்கத்துக் காம்பரா மாரியாயியின் இருமல், கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல், கன்று போடப்போகும் மாடு. முடிவில் "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று ஒரு நீண்ட இழுப்பு. அந்தக் குரல் கேட்டுத்தான் நான் கண்விழிப்பேன். என்ன கிடைத்துவிட்டது என்று இந்தக் கிழவி இவ்வளவு சந்தோஷமாக நன்றி சொல்கிறது என்று, கம்பளிக்குள் சுருண்டபடி யோசிப்பேன்.

அப்பாயிக்கு எழுத்து தெரியாது. இரவில் குப்பி லாம்பைப் பக்கத்தில் இழுத்துவைத்து நான்தான் சங்கீதம் வாசிக்க வேண்டும். ஆனால் பக்கம் திருப்ப வேண்டிய இடம் வந்தால் அப்பாயியின் விரல் முந்திக்கொள்ளும். கொழுந்து எடுத்து எடுத்து அந்த விரலின் வெடிப்பெல்லாம் கறுத்திருக்கும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாத கறை அது. வேதப் புத்தகத்தின் கீழ் மூலைகள் எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு ஏறியிருந்தது. எந்தப் பக்கத்தில் கறை அதிகமோ, அதுதான் அப்பாயிக்குப் பிடித்த சங்கீதம் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

இந்த வேதம் மலைக்கு வந்தது கோப்பிக் காலத்தில். 1854இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 'தமிழ் கூலி மிஷன்' என்று ஒன்று தொடங்கப்பட்டு, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்மார் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, வேலை விட்டு வந்த சனத்தை லயத்து வாசலில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, சில வருஷத்தில் மலைமலையாகக் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. கோப்பி போயிற்று, உபதேசியார் சொல்லிக்கொடுத்த பாட்டு போகவில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகளை, அவர் பேர்கூடத் தெரியாமல், மலையில் நிரை பிடித்து நிற்கும்போது அப்பாயி பாடும். பக்கத்து நிரையில் மாரியாயி தாலாட்டு எடுக்கும். இரண்டும் மாறி மாறி வரும். நம்ம மடகொம்பரை தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அய்யா, மலைநாட்டுப் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வைத்தவர். 1984இல் போய்விட்டார். அவர் ஒருநாள் எங்கள் மலைப் பக்கம் வந்து நின்று கேட்டிருக்கக் கூடாதா என்று இப்போதும் எனக்கு ஏக்கம்தான்.

சம்பள நாள் ஞாபகம் இருக்கிறதா? டவுனே திருவிழா. பெட்டிக்கடையில் முறுக்கு மாலை, துணிக்கடை வாசலில் தொங்கும் பூச்சட்டைகள், கருவாட்டு வாசம், கூட்டம் நெரிக்கும் தவறணை. அன்றைக்கு லயத்தில் எல்லார் முகமும் வெளிச்சமாயிருக்கும். மறுநாள் கடைக்காரர் கொப்பியைத் திறந்து கணக்குப் பார்த்தால் அந்த வெளிச்சம் போய்விடும். அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. மாதம் முழுக்க மழையில் நனைந்தவர்களின் சந்தோஷம் அது. ஆனால் சம்பள நாளுக்கு மறுநாளும் அப்பாயி பாடிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் எனக்குப் புதிர்.

புதிர் அவிழ்ந்தது 1973, 74 பஞ்சத்தில். மாவு குறைந்தது, அரிசி கண்ணில் படவில்லை. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் கிடைத்தால் அன்று சாப்பாடு. தோட்டத்துச் சனம் டவுனில் கையேந்தி நின்ற காலம் அது. எங்கள் லயத்திலும் பாடை இறங்கியது. அந்த நாட்களில் அப்பாயி என்னை ஆபகூக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னது. மரத்தில் காய் இல்லை, வயலில் விளைச்சல் இல்லை, தொழுவத்தில் மாடும் இல்லை, ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ந்திருப்பேன் என்று அந்தத் தீர்க்கதரிசி முடிக்கும் இடம். அத்திமரம் என்று நான் வாசித்தால் "தேயிலைன்னு வச்சுக்க" என்று சொல்லும் அப்பாயி. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வயிறு பசிக்குது, இதுல என்ன சந்தோஷம்?" என்றேன். அப்பாயி கோபிக்கவில்லை. கிழங்கைப் பிட்டு, பெரிய துண்டை மாரியாயி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, "பசி பசிதான்டா. ஆனா பசிக்கிற நேரத்துல அவரு நம்மள விட்டுட்டுப் போகல, பாத்தியா" என்றது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சோதனை. அதன் வேர் பழையது. 1948இல் எங்கள் சனத்தின் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இங்கேயே என்றும் பங்கு பிரித்தது. ஒரே காம்பராவில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. எங்கள் சித்தப்பாவுக்கு இந்தியா. தலவாக்கலை ஸ்டேஷனில் தலைமன்னார் போகும் கோச்சி வந்து நிற்கிறது. ஒப்பாரிக் கோச்சி என்று சனம் பேர் வைத்தது சும்மா இல்லை. கட்டிப்பிடித்த கைகளை ஆள் வைத்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அப்பாயியும் மாரடித்து அழுகிறது, எல்லாரையும் போலத்தான். கோச்சி போன பிறகு, தண்டவாளத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெல்லப் பாடத் தொடங்கியது. குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அழுகையும் அந்த மகிழ்ச்சியும் ஒரே நெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். பவுல் பிலிப்பியருக்கு மகிழ்ச்சியைப் பற்றி எழுதியது சிறைக்குள் இருந்துதான் என்று பிற்பாடு படித்தபோது, எனக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை.

டிசம்பர் வந்தால் மூங்கில் பிளாச்சில் டிஷ்யூத்தாள் ஒட்டி நட்சத்திரக் கூடு கட்டுவோமே. சைப்பிரஸ் கிளை வெட்டி வந்ததும் காம்பரா முழுக்க அந்தப் பச்சை வாசம். அரிக்கன் லாம்பும் தபேலாவுமாக, பனியில் பல் கிட்டக் கிட்ட, லயம் லயமாகக் கெரல் போவோம். மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டில்தான் இஞ்சித் தேத்தண்ணி கிடைக்கும். மாசியில் காமன் கூத்துக்கு நாம் போய் விடிய விடிய உட்கார்ந்திருந்த கடனுக்கு, அவர்கள் நமக்காக விழித்திருப்பார்கள்.

இப்போது அந்த லயத்தில் பாதிக் காம்பராக்களில் பூட்டுத் தொங்குகிறது. பிள்ளைகள் கொழும்பில் கடையில், சிலர் வெளிநாட்டில். கெரல் பாட்டு ஸ்பீக்கரில் வருகிறது. தபேலா அடித்தவர் போய்விட்டார். 2018இல் இந்திய உதவியோடு டன்சினனில் 404 வீடுகள் எழும்பின. மகாத்மா காந்திபுரம் என்று பேர். சொந்தமாய் ஒரு கதவு, ஒரு முற்றம். அதைப் பார்க்க அப்பாயி இல்லையே என்று இருந்தது. இருந்திருந்தால் முதல் ஆளாக ஸ்தோத்திரம் சொல்லியிருக்கும். விசுவாசம் இருந்தால் உரிமை எதற்கு என்று ஒருநாளும் அது சொன்னதில்லை. கண்டியில் சத்தியோதயத்தை நிறுவிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் தோட்ட மக்களின் உரிமைக்காகக் காலமெல்லாம் உழைத்தாரே, அவரும் அதே விசுவாச ஊற்றிலிருந்து குடித்தவர்தான்.

வீடும் சம்பளமும் நமக்கு வரவேண்டும், இன்னும் கூடவே வரவேண்டும். அவை தருகிற சந்தோஷத்தை ஒரு கடைக்காரரின் கொப்பியோ, ஓர் அரசாங்கக் கடுதாசியோ ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விடும் என்பதை இந்த மலையில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிறிஸ்துவுக்குள் அப்பாயி கண்ட மகிழ்ச்சியை யாராலும் வாங்கிக்கொண்டு போக முடியவில்லை. பசியால் முடியவில்லை, கோச்சியால் முடியவில்லை. காலையில் முழங்கால் போட்டு லயத்தார் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல இப்போது நான் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பேரும் அதில் வருகிறது.