படத்தின் பின்புறம்

இரத்தினபுரி என்ற மாத்திரத்தே மாணிக்கக் கற்களை நினையாதார் இலர். அந்நகரிலே பஸ் வண்டியேறித் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், வயல்வெளியும் இறப்பர்க் காடும் தேயிலைச் சரிவும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து போக, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நிவித்திகல என்னும் சிற்றூரை அடையலாம். கடைத்தெரு ஒன்று, பாடசாலைகள் சில, பன்சலை, சுற்றிலும் பச்சைக் குன்றுகள்; இவ்வளவே ஊர். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற சிங்கராஜ வனத்தைக் காண விழைவோர் இதற்கும் அப்பாலுள்ள கலவானைக்கு விரைவரேயன்றி, இங்கே இறங்கி ஒரு கோப்பைத் தேநீர் அருந்துவதுகூட அரிது.

இவ்வூரிலே நாம் இருவரும், கணவனும் மனைவியுமாக, ஓராண்டு காலம் நாளுக்கொரு படம் பிடித்தோம். அந்த ஓராண்டிலே கற்ற ஒரு பாடத்தைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

நாற்பதைக் கடந்த நாம் இருவரும் ஆசிரியத் தொழிலர். மாற்றம் பெற்று இப்பக்கம் வந்தபோது, மாலைப் பொழுதைப் போக்க வழி யாதென ஆராய்ந்து, ஒரு சிறு கமராவையும் இருநூறு பக்கக் கொப்பி ஒன்றையும் வாங்கினோம். தைப்பொங்கலன்று லயத்து வாசலிலே பொங்கிய பானையே முதற்படம். ஒருவர் படம் பிடிக்க மற்றவர் குறிப்பெழுதுவது. மறுநாள் தொழிலை மாற்றிக் கொள்வது. அன்றன்று எடுத்தவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து கொப்பியிலே பதிவது. இவையே எமது விதிகள். ஒரு நாளேனும் தவறவில்லை என்று பெருமை பேசலாம். ஆனால், காய்ச்சலிற் கிடந்த இரண்டு நாளும் சாளரத்தின் வழியே தெரிந்த ஒரே பலாமரந்தான் படமாயிற்று என்ற உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் படம் வேண்டுமென்ற கட்டாயம் வந்தபின்பே ஊர் எம் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியது. வயல் நடுவே தோண்டப்பட்ட மாணிக்கக் குழிகளை அதற்கு முன்னும் கண்டிருந்தோம். ஆனால் நின்று பார்த்ததில்லை. சதுரமாகக் குழி தோண்டி, மண் சரியாதபடி மரச்சட்டங்களைப் பொருத்தி, இடையிலே காட்டுப் பன்னத் தழையைச் செருகி, ஊறும் நீரை ஓயாது இறைத்துக்கொண்டே கீழிறங்குவர். ஆழத்திலே கிடைக்கும் சரளைப் படைக்குச் சிங்களத்தில் ‘இல்லம’ என்று பெயர். அச்சரளையைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றி அலசினால், கல் இருந்தால் இருக்கும். இன்றேல் வெறுங்கையோடு மாலையில் வீடு திரும்ப வேண்டியதே. எமது தமிழிலே இல்லம் என்பது வீடு. அவர்களுக்கோ இல்லம என்பது வீட்டைக் காக்கும் மண். இவ்விரு சொல்லையும் கொப்பியில் அருகருகே எழுதி வைத்தோம். குழிக்கு அருகே பெண்கள் செல்வதை விரும்பாத வழக்கம் பல இடங்களில் இருப்பதால், எம்முள் ஒருவர் வரப்பிலேயே நின்றுவிட, அன்றைய படத்தை மற்றவரே பிடித்தார்.

இனி, தோட்டத்துக்கு வருவோம்.

1876ஆம் ஆண்டிலே இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்த நாற்றுகளிலிருந்தே இலங்கையின் இறப்பர்ப் பயிர் பெருகியது. மழையும் வெப்பமும் ஒருங்கே நிறைந்த சப்பிரகமுவ மண் அதற்கு உவந்ததாயிற்று. விடியுமுன் பால் வெட்டும் கத்தியோடு மரத்துக்கு மரம் செல்ல வேண்டும். பட்டையிலே சாய்வாக ஓர் இழை மட்டும் சீவ வேண்டும். கத்தி ஆழப் பதிந்தால் மரம் புண்படும், மேலோடினால் பால் வராது. வழியும் பால் சிரட்டையில் நிறைந்தபின், வெயில் ஏறும் வேளையில் வாளியிற் சேர்த்துக் கொண்டு வருவர். மழை பெய்து பட்டை நனைந்த நாளில் வெட்டு இல்லை; வெட்டில்லாத நாளில் வருவாயும் இல்லை. 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் கண்ட மாவட்டம் இது. இங்கே வானத்தைப் பார்ப்பவர் எவரும் அழகுக்காகப் பார்ப்பதில்லை.

எமது வாடகை வீட்டுக்கு மேலேயிருந்த லயத்திலே முதிய தாய் ஒருவர் வாழ்ந்தார். தோட்டத்தில் ஓய்வு பெற்ற பின்பும், அயலிலுள்ள சிறு இறப்பர்த் துண்டொன்றிலே பால் வெட்டி வந்தார். காலையில் எம்மைக் கண்டால், “இன்னிக்கு எதைப் புடிக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டே நடப்பார். அவரைப் பலமுறை படம் பிடித்தோம். பால் காய்ந்து வெள்ளைக் கோடுகளாய்ப் படிந்த அவர் விரல்கள். மரத்தோடு மரமாய் நிற்கும் அவர் நிழல். பனி மூட்டத்துள் வாளியோடு மறையும் அவர் முதுகு. கைகளை மட்டும் காட்டும் படத்தை எம் நண்பர் பலர் பாராட்டினர். நாமும் அதனைப் பெரிதாக்கிக் கூடத்திலே மாட்டினோம். எமது கண்ணுக்கு ஏதோ கலை கைவந்துவிட்டதாக ஒரு செருக்கு.

ஐப்பசி மாதத்து அடைமழையிலே, மூன்று நாட் காய்ச்சலில் அத்தாய் காலமானார். அடக்கம் முடிந்த சில நாளில் அவருடைய மகன் எம் வாசலுக்கு வந்து, குடையை மடக்கிக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

“சேர், டீச்சர், அம்மாவை நீங்க அடிக்கடி படம் புடிச்சீங்களே. கருமாதிக்கு வைக்க ஒண்ணு தருவீங்களா? அடையாள அட்டையில உள்ளது முப்பது வருசத்துக்கு முந்தினது. சின்னப் புள்ளைகளுக்கு அது அப்பாயின்னே தெரியல” என்றார்.

தருவதாகச் சொல்லி அனுப்பினோம். அன்றிரவு கணினியின் முன் அமர்ந்து தேடினோம். கொப்பியின்படி அவரை எடுத்த நாள்கள் பதினொன்று. பதினொரு படத்தையும் வரிசையாகப் பார்த்தோம். கை இருந்தது, முதுகு இருந்தது, நிழல் இருந்தது, கத்தியும் சிரட்டையும் வாளியும் இருந்தன. முகம் ஒன்றிலும் இல்லை. குறிப்புகளைப் புரட்டினோம். ‘பால் வெட்டும் மூதாட்டி’ என்றே பதினொரு இடத்திலும் எழுதியிருந்தோம். பத்து மாத காலம் நாள்தோறும் எம்மோடு பேசிச் சென்றவரின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதுவதற்குக் கேட்டதும் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் கூசினோம். பின்னர், தள்ளுபடி செய்த படங்களைத் திறந்தோம். தேர்வில் விழுந்தவற்றையும் அழிக்காமல் வைத்திருந்தது எமது சோம்பலே. ஏறத்தாழ நள்ளிரவிலே அது கிடைத்தது. சித்திரை மழை நாளொன்றில் எம்முள் ஒருவர் சறுக்கி விழ, கமரா தானாகவே பிடித்துக்கொண்ட படம். அடிவானம் சாய்ந்திருந்தது, ஒரு மூலையைக் குடையின் விளிம்பு மறைத்திருந்தது. நடுவிலே, வெற்றிலைக் காவி படிந்த பல் தெரிய, தலையைப் பின்னே சாய்த்துச் சிரித்தபடி, எம்மைத் தூக்கிவிட ஒரு கையை நீட்டிக்கொண்டு அத்தாய் நின்றார். அந்த நாளுக்கென்று கொப்பியிலே நாம் பதிந்திருந்தது, பனி சூழ்ந்த மரங்களின் படம்.

இரத்தினபுரியிலே அதனை அச்சிட்டுச் சட்டமிட்டுக் கருமாதிக்கு முதல்நாள் கொண்டு சென்றோம். மகன் வெகுநேரம் பார்த்தார். “ஆமா, இதுதான் அம்மா” என்றார். இடுப்பிலிருந்த பேரப்பிள்ளை, “அப்பாயி யாரப் பாத்துச் சிரிக்குது?” என்று கேட்டது. மகன் எம்மைச் சுட்டிக் காட்டினார்.

அவ்வாண்டு மார்கழி விடுமுறையிலே பலாங்கொடை வழியாக மலையேறிப் பொகவந்தலாவைக்குப் போனோம். அங்குள்ள சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்திலே ஒரு தம்பதியர் அடக்கமாகியுள்ளனர். கணவர், கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று எமது மாணவர் சரித்திர பாடத்திலே படிக்கும் அந்தச் சார்ள்ஸ் ஹே கமரன். மனைவி, கல்கத்தாவிலே 1815ஆம் ஆண்டு பிறந்த ஜூலியா மார்கரட் கமரன். நாற்பத்தெட்டாம் வயதிலே மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு கலை பயின்று, உலகப் புகழ் எய்தியவர். தம்மிலும் இருபது வயது மூத்த கணவரையே மெர்லின் என்னும் மந்திரவாதியாக அமர்த்திப் படமெடுத்தவர். 1875ஆம் ஆண்டிலே இருவரும் இலங்கைக்குக் குடிவந்தனர். கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது காயுமுன்னரே படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. அவ்வளவு தொல்லையிலும் அவ்வம்மையார் இங்கே எடுத்தவற்றுள் ஏறத்தாழ முப்பது படங்கள் எஞ்சியுள்ளன. 1879ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் இறந்தார்; அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார்.

இங்கிலாந்திலே அவர் எடுத்த டெனிசன், டார்வின் ஆகியோர் படங்களுக்குக் கீழே அவரவர் பெயர் உண்டு. இங்கே எடுத்த படமொன்றுக்கோ ‘களுத்துறைக் குடியானவர்’ என்பதே பெயர். அம்முகங்களை அவர் அன்போடுதான் பார்த்தார். படமே அதற்குச் சான்று. ஆயினும் பெயர் இல்லை. முன்னர் வந்திருந்தால் அவரைக் குறை கூறியிருப்போம். இப்போதோ, ‘பால் வெட்டும் மூதாட்டி’ என்று எழுதிய கையோடு அக்கல்லறை முன் நின்றோம். அவர் பெயரையாவது விட்டார். நாம் முகத்தையும் விட்டோம்.

பெயர் தவறுவது படம் பிடிப்பவர்க்கும் நேர்வதுண்டு. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளரான ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அவர் கணவர் மானெக்‌ஷா பெயரிலேயே அச்சாயின. இதை அறிந்த நாள் முதல், யார் பிடித்தது என்பதையும் கொப்பியிலே தனியே குறிக்கலானோம்.

மலையகத் தமிழர்க்குப் படம் என்பது நெடுங்காலம் பிறருடைய தேவைக்கே எடுக்கப்பட்டது. உல்லாசப் பிரயாணிகளுக்கான தபாலட்டையிலே கூடை சுமந்த பெண் இருப்பார், பெயர் இராது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அப்போது கடவுச்சீட்டுக்காக எடுத்த படமே, கடல் கடந்து போன அண்ணனுக்கும் அக்காளுக்கும் எஞ்சிய ஒரே அடையாளமாக இன்றும் சில லயத்துச் சுவர்களில் இருப்பதைக் கண்டோம். எஞ்சியோரின் குடியுரிமையைத் தீர்க்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. அரசுக்குக் காட்ட எடுத்த படங்கள் உண்டு. பேரப்பிள்ளைக்குக் காட்ட எடுத்தவை மிகச் சில.

தோட்டத்து வழக்கிலே ‘பேர்’ என்றால் ஒரு நாட் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ என்பர். பேரே கூலியாகிய இடத்திலே ஒருவருடைய பேரை எழுதாமல் படம் பிடிப்பது, வேலை வாங்கிக்கொண்டு பேர் போடாமல் விடுவதற்கு ஒப்பாகும். ஆகவே, எஞ்சிய மாதங்களுக்கு எமது விதிகளைத் திருத்தினோம். கேட்டுவிட்டே எடுப்பது, கையை எடுத்தால் முகத்தையும் எடுப்பது, ஒரு பிரதியை அச்சிட்டு, பின்புறத்திலே பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதி அவரிடமே கொடுப்பது. சிலர் வேண்டாம் என்றனர், விட்டுவிட்டோம். சிலர் வேலைச் சேலையோடு நிற்க மறுத்து, வெளுத்த சேலை உடுத்தி வந்து விறைப்பாக நின்றனர். எமக்கு வேலைச் சேலையே அழகாகப் பட்டது. ஆனால் படம் அவர்களுடையது அன்றோ? கலைத்தன்மை குறைந்ததென்று நண்பர்கள் சொல்கின்றனர். இருக்கலாம். கொடுத்த படம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சுவரிலே இருக்கின்றது.

கைத்தொலைபேசியிலே ஆயிரமாயிரம் படம் சேர்த்து வைத்திருக்கும் மாணவர்க்கு ஒன்று சொல்வோம். வீட்டிலே பாட்டி இருந்தால், அடுப்படியில் இருக்கும் அம்மா இருந்தால், அவர்கள் முகத்தை ஒரு படம் எடுங்கள். அச்சிடுங்கள். பின்புறத்திலே முழுப்பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால் கேட்டு எழுதுங்கள்.

கூடத்திலே மாட்டியிருந்த அந்தக் கைகளின் படத்தைக் கழற்றிவிடவே முதலில் நினைத்தோம். பின்னர், அதைத் திருப்பி, மகனிடம் கேட்டறிந்த அத்தாயின் பெயரைப் பின்புறத்திலே எழுதி, மறுபடியும் அதே இடத்தில் மாட்டினோம். அப்பெயரை இங்கே அச்சிடும் உரிமை எமக்கில்லை. எம் வீட்டுக்கு வருவோர் படத்தைப் புகழ்ந்தால், கழற்றித் திருப்பிக் காட்டுகின்றோம்.