மனம் தேறும்வரை காத்திராமல்

ஓராண்டாக இங்கு ஏன் எதுவும் எழுதவில்லை என்று கேட்ட நண்பர்களுக்கு இது பதில். தில்லியில், முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில், மனச்சோர்வும் பதற்றமும் ஒருசேர என்னைப் பற்றிக்கொண்டன. அதைத் துயரம் என்று சொல்ல இயலாது. துயரத்திலாவது ஓர் உயிர்ப்பு உண்டு. அதிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வரும். பிறகு நண்பகல்வரை படுக்கை. நெறியாளரின் மின்னஞ்சல் பதினொரு நாள்கள் திறக்கப்படாமல் கிடந்தது.

மனநல மருத்துவர் முதல் சந்திப்பில் ஒன்பது வினாக்கள் கொண்ட ஒரு தாளைத் தந்தார். பிஎச்க்யூ-9 என்பார்கள். 27க்கு 19 பெற்றேன். (அந்த நிலையிலும் அளவுகோலின் நம்பகத்தன்மை குறித்து அவரிடம் வினவினேன். சிரித்தார்.) மாத்திரைகளை எழுதிவிட்டு, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். காலை எட்டு மணிக்கு முன் அரைமணி நேரம் வெளியே நடக்க வேண்டும் என்றும் சொன்னார்: "தோன்றினால் அல்ல, தோன்றாவிட்டாலும்."

சிந்தித்தே எதையும் தீர்த்துவிடலாம் என்று நம்பும் நம் கூட்டத்திற்கு இது எளிதில் செரிக்காது. ஆனால் நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. மனச்சோர்வுக்கான அறிதல்சார் சிகிச்சையை அவர்கள் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தனர். எண்ணங்களைத் திருத்தும் பயிற்சி இல்லாமல், கைவிட்ட அன்றாடச் செயல்களை மீண்டும் தொடங்கவைக்கும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு நிகரான பலனைத் தந்தது. மனம் தேறியபின் எழுவது அன்று. எழுந்தபின் மனம் தேறுவது.

செப்டம்பரில் நடக்கத் தொடங்கினேன். ஒரு குறிப்பேட்டில் இரண்டே பத்திகள்: செய்தது, செய்தபின் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை. முதல் மூன்று வாரங்கள் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. அக்டோபரில் ஒரு மாலை, நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் ஏழிலைப்பாலையின் மணம் முகத்தில் அறைந்தது. அம்மரம் பூக்கத் தொடங்கிப் பல நாள்கள் ஆகியிருக்க வேண்டும். அன்றைக்கு நான்கு என்று எழுதினேன். நவம்பரில் தில்லிக் காற்று நடைக்கு உகந்ததன்று என்பதால் விடுதியின் மாடிப்படிகளை ஏறி இறங்கினேன். மாலை நான்குக்குமேல் தேநீர் இல்லை. கைபேசி இரவில் மேசைமீது, எட்டாத தொலைவில். இரவு உணவை அறைக்கு எடுத்துவராமல் உணவுக்கூடத்தில் யாராவது ஒருவருடன் உண்பது. இவற்றுள் இதுவே மிகக் கடினமாக இருந்தது, மிகுதியாக உதவியதும் இதுவே.

மாத்திரைகளை விட்டுவிட்டு நடந்தால் போதும் என்று யாரும் இதைப் படித்துவிட வேண்டாம். என்னைப் பொறுத்தவரை, நடக்கும் அளவுக்குத் தெம்பைத் தந்தவை மாத்திரைகளே. உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் இருக்கும்போது "உன்னை நீயே பேணிக்கொள்" என்று சுவரொட்டி ஒட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளிவந்த ஆய்வு, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டது. பொதுமக்களைவிட ஆறு மடங்குக்கும் மேலாக அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் காணப்பட்டன. ஆறு மடங்கு என்பது தனிமனிதப் பலவீனத்தின் கணக்கன்று.

கடந்த மாத மதிப்பெண் 6. மருந்து தொடர்கிறது, மூன்றாம் இயலின் வரைவு நெறியாளரிடம் இருக்கிறது. உடனே பேச வேண்டியவர்களுக்கு 14416 என்னும் டெலி-மனஸ் எண் இருக்கிறது. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எனக்கும் எழுதலாம். காலை எட்டு மணிக்கு முன் மட்டும் பதில் வராது.