பொட்டிபுரத்தில் ஒரு லண்டன் கேமரா

குடும்பத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தால் போதும், சொந்தபந்தத்தில் எவர் வீட்டு மிக்ஸி நின்றாலும் போன் அவனுக்குத்தான் வரும். "நான் பார்க்கிறது சம்பளப் பட்டியல் சாஃப்ட்வேர்ங்க" என்று சொல்லிப் பாருங்கள். "அதுவும் கரண்ட்டுலதானப்பா ஓடுது?" என்பார்கள். இதற்குச் சரியான பதில் உங்களிடம் இருந்தால் ஒரு கார்டு போடவும்.

பெரியப்பாவுக்கு ஊர் பொட்டிபுரம். போடிக்குத் தெற்கே, மலையடிவாரம். நியூட்ரினோ என்று பேப்பரில் அடிபட்டதே, அதே ஊர்தான். மேலே போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம், அவருக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். காயவைத்த காயை மூட்டை கட்டிக் கீழே வீட்டு ஸ்டோர் ரூமில் அடுக்கிவிட்டு, விலை ஏறட்டும் என்று உட்கார்ந்திருப்பார். ஏலக்காய் விலையை நம்பி உட்காருகிறவனுக்கு லாட்டரி சீட்டுக்காரனைவிட நெஞ்சுரம் வேண்டும். 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. ஐம்பது கிலோ மூட்டை என்றால் மூன்றரை லட்சம்! அதற்கப்புறம் அந்த விலையை யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஏலக்காய் மூட்டை என்றாலே பணமூட்டை என்பது மட்டும் எல்லார் மனசிலும் பதிந்துவிட்டது.

சென்ற ஆடியில் அந்த அடுக்கில் ஒரு மூட்டை குறைந்தது.

ஸ்டோருக்குள் கேமரா இருந்தது. ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் (பெரியப்பா மகன்) பணம் அனுப்பி, பக்கத்து டவுன் கடைக்காரர் ஒருவர் மாட்டிக் கொடுத்தது. அண்ணன் போனிலேயே பதிவைத் தேடி, பத்து விநாடி வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். ஸ்டோர் வேலைக்கு வரும் அம்மா மூட்டை அடுக்குப் பக்கம் குனிகிறார், ஒரு மூட்டையைப் பிடித்து நகர்த்துகிறார். மூலையில் நேரம்: 02.10. அதிகாலை.

இருபது வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிறவர். என்னைத் தூக்கி வளர்த்தவர் என்று சினிமா வசனம் பேச மாட்டேன். ஆனால் லீவுக்குப் போனபோதெல்லாம் எனக்குக் கொழுக்கட்டை எடுத்து வைத்தவர். "ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டைப் போட்டு நிக்கிறா, தைரியத்தைப் பாரு" என்று சித்தி ஒருத்தி குரூப்பில் எழுதினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அண்ணன் ஷார்ஜாவிலிருந்தே சொல்லியாகிவிட்டது. போலீசுக்குப் போகலாமா என்ற கேள்விதான் பாக்கி. "தம்பி, நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ. எனக்கு மனசு ஒப்பல" என்றார் பெரியப்பா.

2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கே நேராக ரயில் இருக்கிறது. மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வருவதற்குள் எங்களூர்ப் பையன்களுக்குத் தலை நரைத்துவிட்டது. இறங்கி, தேவாரம் போகிற பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அதே வீடியோவைப் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் மூலையிலிருந்த எண்ணைப் பார்த்திருக்கிறார்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை. ஸ்டோர் ஓட்டுக்கூரை. கிழக்குச் சரிவில், வெளிச்சத்துக்காகத் தாத்தா காலத்தில் செருகிய ஒரு கண்ணாடி ஓடு. வீடியோவில் மேற்குச் சுவரில் கைக்குட்டை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு சதுரம்.

"பெரியப்பா, இது என்ன?"

"வெயிலுப்பா."

"ராத்திரி ரெண்டு மணிக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேமராவுக்கு நேராகப் போய் நின்றேன். என் வாட்ச்சில் பதினொன்றே கால். திரையில் ஐந்தே முக்கால். வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், துல்லியமாக. பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றிருந்தால் வித்தியாசம் கன்னாபின்னாவென்று இருக்கும். இத்தனை சுத்தமாக ஐந்தரை என்றால் ஒரே அர்த்தம்தான்: கிரீன்விச் நேரத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். கேமரா பொட்டிபுரத்தில் இருந்தது. அதன் கடிகாரம் லண்டன் பக்கம் குடியிருந்தது.

விசாரித்தால், போன வாரம் பாஸ்வேர்டு மறந்துபோய்க் கடைப்பையன் வந்து ரெக்கார்டரை ஃபேக்டரி ரீசெட் செய்திருக்கிறான். டைம்ஸோன் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரத்தைத்தான் அது வாங்கிக்கொண்டிருந்தது. நம்ம ஐந்தரையைக் கூட்ட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆக, 02.10 என்பது காலை 7.40. அந்தம்மா தினமும் பெருக்க வரும் நேரம். மூட்டையை நகர்த்தியது அடியில் பெருக்க.

நிஜமான நடுராத்திரியைத் தேடினோம். ஒன்றேகாலுக்கு மேல் மூன்று மணி வரை பதிவே இல்லை. கரண்ட் கட். ரெக்கார்டரை இன்வெர்ட்டரில் கொடுக்கவில்லை. மூட்டை எப்படிப் போனது என்பது இன்று வரை தெரியாது.

எனக்கு இன்னமும் வயிற்றைக் கலக்குவது இதுதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, இந்த மாதிரிப் பதிவைக் கோர்ட்டில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் எண்ணும் வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும். ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனால் அது சொல்வது 'ஃபைலில் யாரும் கைவைக்கவில்லை' என்பதை மட்டும். கடிகாரம் சரியாக ஓடியதா என்று அதற்குத் தெரியாது. கிரீன்விச் நேரம் போட்ட வீடியோவுக்கும் ஹாஷ் கனகச்சிதமாக வரும். ஆகவே வீட்டில் கேமரா வைத்திருக்கும் புண்ணியவான்களே, இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, கையில் வாட்ச்சோடு கேமரா முன்னால் போய் நில்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அரை நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "சரி, இந்தக் கருமத்தைக் கழட்டிட்டு நல்லதா ஒண்ணு நீயே போடு" என்றார். பெரியம்மா எங்கள் யாரையும் கேட்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு அந்தம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நல்லதாக ஒன்று போட எனக்கு மூன்று நாள் ஆனது. காசு கொடுத்து வாங்காமலே இதற்கு சாஃப்ட்வேர் உண்டு. ஜோன்மைண்டர் என்று ஒன்று: பிலிப் கூம்ப்ஸ் என்ற ஆங்கிலேயரின் கராஜில் திருடன் புகுந்து மின்கருவிகளை அள்ளிக்கொண்டு போக, அந்தக் கடுப்பில் அவரே எழுதியது. அதற்குப் பின்னால் வந்தது ஃபிரிகேட். நான் போட்டது இதுதான். அண்ணன் காலேஜ் காலத்துக் கம்ப்யூட்டர் பரண்மேல் கிடந்தது. தூசி தட்டி லினக்ஸ் ஏற்றினேன். கணக்கு சுலபம்: ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு ஒரு டெராபைட் டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். பன்னிரண்டாம் நாள் பழசை அழித்துப் புதுசை எழுதும்.

முதல் வேதாளம் சாயங்காலம் வந்தது. வாசல் கேமரா பகலெல்லாம் சமர்த்து. இருட்டினால் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை செத்து, உயிர்த்து, மறுபடி செத்தது. "அது மோகினி நேரம்" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. விஷயம் என்னவென்றால், இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ரா ரெட் விளக்குகள் எரியும், கரண்ட் அதிகம் இழுக்கும். கடைக்காரர் இழுத்திருந்த ஒயர் செம்பு அல்ல. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அறுபது மீட்டர் போவதற்குள் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. அசல் செம்பு ஒயர் மாற்றியதும் மோகினி ஊரைவிட்டுப் போனாள்.

இரண்டாவது, சிலந்தி. அந்த விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும். ராத்திரி அது வெள்ளையாக ஆடும்போது நானே ஒருதரம் கத்திவிட்டேன். கேமராவின் சொந்த விளக்கை அணைத்து, தனி இன்ஃப்ரா ரெட் விளக்கை நாலடி தள்ளி மாட்டினால் சிலந்தியும் நாலடி தள்ளிக் குடிபோகும்.

மூன்றாவது, காற்று. ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்றைப் பற்றித் தேனி ஜில்லாக்காரனுக்குச் சொல்ல வேண்டாம். சாஃப்ட்வேர் என்ன செய்கிறது? இந்தப் படத்தையும் அடுத்த படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, மாறியிருந்தால் 'ஆள்!' என்று அலறுகிறது. தென்னை ஓலை ஆடினால் ஆள். மேகம் நகர்ந்தால் ஆள். முதல் ராத்திரி என் போனில் 340 அலறல். ஐந்தாவதோடு போனை அணைத்துவிட்டுத் தூங்கினேன். முந்நூறாவது அலறல் நிஜமாகவே திருடனாக இருந்தால் அவனுக்கு நல்ல காலம்.

இதே தலைவலிக்காகத்தான் பொட்டிபுரத்தைத் தேடி விஞ்ஞானிகளே வந்தார்கள். நம் தலைக்கு மேலிருந்து மியூவான் துகள்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன, சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒன்று போல. நியூட்ரினோ எப்போதோ ஒன்றுதான் மாட்டும். இந்த இரைச்சலில் அதைக் கண்டுபிடிப்பது தென்னை ஓலைக்கு நடுவில் திருடனைக் கண்டுபிடிக்கிற கதை. அதனால்தான் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கும்படி மலைக்குள் சுரங்கம் தோண்டி, 50,000 டன் இரும்பில் கருவி வைக்க நினைத்தார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலைக்கும் காட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று ஜனங்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன, 2022ல் அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது. அவர்களுக்குக் கேட்ட மலை கிடைக்கவில்லை. எனக்கோ மலை தேவைப்படவில்லை. தென்னை இருக்கும் பகுதியை மவுசால் வளைத்து 'இதைப் பார்க்காதே' என்று மறைத்தேன். மிச்சத்தில் எது அசைந்தாலும், அது மனுஷனா என்று படத்தை ஆராய்ந்த பிறகே கூப்பிடு என்று வைத்தேன். 340 போய் மூன்றானது.

இந்த ஆராயும் மூளை, மைக்ரோசாஃப்ட் 2014ல் வெளியிட்ட கோகோ என்ற படத்தொகுப்பில் பாடம் படித்தது. அதில் எண்பது வகைப் பொருள்கள். வரிக்குதிரை உண்டு, ஒட்டகச்சிவிங்கி உண்டு, யானைகூட உண்டு. வெள்ளாடு கிடையாது! பொட்டிபுரத்தில் வெள்ளாடு தெரியாத காவல்காரனை வைத்து என்ன செய்ய? பெரியப்பாவின் ஆடுகளை ஒருநாள் செம்மறி என்றது, மறுநாள் நாய் என்றது. பெரியப்பாவுக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டர் மறுபடி பரணுக்குப் போயிருக்கும்.

பாஸ்வேர்டு? கடைக்காரர் வைத்தது அட்மின், ஒன்று இரண்டு மூன்று நான்கு. இப்படிப்பட்ட சுமார் அறுபது பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு 2016ல் மிராய் என்ற வைரஸ் ஊர் உலகத்துக் கேமராக்களைக் கைப்பற்றி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்ஃப்ளிக்ஸையும் திணறடித்தது. மாற்றிவிட்டேன்.

கடைசியில் அண்ணன் கேட்டார், "ஹால்லயும் ஒண்ணு போட்டுரு. அம்மா அப்பாவை நான் இங்கேருந்தே பாத்துக்குவேன்." 2025ல் கொல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா ஓட்டக்கூடாது என்று சொன்னதும், சுப்ரீம் கோர்ட் அதில் தலையிட மறுத்ததும் எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா முந்திக்கொண்டார். "பாக்கணும்னா டிக்கெட் போட்டு வரச் சொல்லு."

ஒரு வாரம் கழித்து அந்தம்மா வேலைக்குத் திரும்பினார். இப்போது ஸ்டோருக்குள் நுழைந்ததும் கேமராவை நிமிர்ந்து பார்த்து, "மணி ஏழே முக்கால்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுக்கிறார். தினமும். அடுத்த தடவை போனபோது, இதில் சத்தம் பதிவாகாது என்று விளக்கிப் பார்த்தேன்.

"பரவால்ல தம்பி. முதலாளி காதுல விழும்ல."